அப்பா போட்ட எண்பது மார்க்

கிளட்சை மெதுவாக விடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் சொல்ல வந்தது அது இல்லை. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து வாயைத் திறக்கும்போதெல்லாம் வேறொன்றுதான் வெளியே வரப் பார்க்கிறது, நான் அதை மென்று விழுங்கிவிட்டு, குழம்பில் உப்பு கம்மி, ஃபேனைக் குறை, என்று எதையாவது சொல்லிவைக்கிறேன். இப்போதும் "மெதுவாட்டி" என்றுதான் வந்தது. "தெரியும்பா" என்றாள் பெனிட்டா, வண்டி ஒரு குதி குதித்து நின்றது, மறுபடி சாவியைத் திருப்பினாள், இந்தத் தடவை நகர்ந்தது. சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பாளையங்கோட்டை ரோட்டில் பால்காரர்களையும் வேகமாக நடந்து தொப்பையைக் குறைக்கிறவர்களையும் தவிர ஆள் கிடையாது, இருந்தும் என் வலது கால் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, இல்லாத பிரேக்கை மிதி மிதி என்று மிதிக்கிறது. "ஏன்ப்பா அந்த முட்டு முட்டுதிய? தரை ஓட்டையாயிரும்" என்கிறாள் என் மகள், பதினெட்டு வயசு, நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு. எல்.கே.ஜி.யில் சிலேட்டில் எழுதும்போதும் இந்த நாக்கு இப்படித்தான் எட்டிப் பார்க்கும், என் மனைவி எமிலி அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். இங்கே ஓட்டிப் பழகிவிட்டால் அங்கே போய் எடுப்பது சுலபம் என்று யாரோ சொன்னார்களாம், அங்கே என்றால் அமெரிக்கா, ஆகஸ்டில் போகிறாள், பெயர் என் வாயில் நுழையாத ஒரு சின்ன ஊரில் ஒரு கல்லூரி, படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாமே அவர்கள் பொறுப்பு. மார்ச் மாதம் அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு எமிலி, ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நர்ஸ், ரத்தத்தைப் பார்த்தாலும் அலுங்காதவள், அடுப்படித் தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நான் அழுததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

மனதுக்குள்ளாவது அதை ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும், அப்புறம் வாயால் சொல்வது எளிதாக இருக்கலாம். அந்த ஊர்க் கல்லூரிகளுக்கு எஸ்.ஏ.டி. என்று ஒரு பரீட்சை, ஆயிரத்து அறுநூறுக்கு. விண்ணப்பத்தில் அந்த மார்க்கை நாமே எழுதவேண்டியதுதான், சான்றிதழ் அப்போது கேட்பதில்லை, நம்பிவிடுகிறார்கள். பெனிட்டா எடுத்தது ஆயிரத்து நானூற்று முப்பது, கணக்கில் எழுநூற்று ஐம்பது, ஆங்கிலத்தில் அறுநூற்று எண்பது. அதைத்தான் எழுதியிருந்தாள். டிசம்பர் கடைசியில் ஒரு மத்தியானம், "அப்பா, உங்க படிப்பு, வேலை, அம்மா வேலை எல்லாம் நீங்களே போட்டுருங்க, நான் குளிச்சிட்டு வந்து அனுப்புதேன்" என்று லேப்டாப்பை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். தங்கதுரை, பட்டதாரி ஆசிரியர், கணிதம் என்று போட்டேன். எமிலியைப் போட்டேன். அதோடு மூடிவைத்திருக்கலாம். பக்கத்தை மேலே தள்ளினேன், அவள் மார்க் இருந்தது, அறுநூற்று எண்பதை அழித்துவிட்டு எழுநூற்று அறுபது என்று அடித்தேன், மொத்தத்தை ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து ஆக்கினேன். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதினால் அவளுக்கு வருவது அதுதான். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, ஏதோ பாட்டு, சுருதி சேராத குரல், எனக்கு ரொம்பப் பிடித்த குரல். தலையில் துண்டோடு வந்தாள், "எல்லாம் சரியாப்பா?" என்றாள், "சரிட்டி" என்றேன். இதில் எழுதியதெல்லாம் உண்மை என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் அடித்து அனுப்பினாள். மேலே போய் ஒரு தடவை பார்க்கவில்லை. அப்பா பார்த்த பிறகு என்ன பார்க்கிறது என்று விட்டிருப்பாள். நேற்றுச் சாயங்காலம் கல்லூரியிலிருந்து பெற்றோருக்கு ஒரு மெயில். தடுப்பூசிச் சீட்டு, போட்டோ, அதற்குக் கீழே மூன்றாவதாக, தேர்வு நடத்துகிறவர்களிடமிருந்தே நேரடியாக மார்க் வரவேண்டும், ஜூன் ஒன்றாம் தேதிக்குள், விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம், பொருந்தவில்லை என்றால் சேர்க்கை ரத்தாகலாம். மாணவர்களுக்குத் திங்கட்கிழமை தனியாக வருமாம். இன்றைக்கு சனி.

"செகண்ட் போடட்டா?" "போடு." போட்டாள், சத்தமில்லாமல் விழுந்தது, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, "ரோட்டைப் பாரு" என்றேன். இவளைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது. என்னை யாராவது கேட்டிருந்தால், அன்றைக்கு அந்த மத்தியானம் தோளைத் தட்டி, என்ன சார் செய்கிறீர் என்று கேட்டிருந்தால், எனக்கே திகைப்பாக இருந்திருக்கும், நான் பொய் எழுதுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தாறு வருஷம் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்தியாகிவிட்டது. தாள் திருத்துகிற முகாமில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் தெரியும், கூட்டிப் பார்த்து முப்பத்திமூன்று வந்தால் யாரும் அப்படியே கட்டிவைக்க மாட்டார்கள், முப்பத்தைந்து இருந்தால்தான் பாஸ். தாளை முதலிலிருந்து புரட்டுவோம், எங்கேயாவது ஒரு சூத்திரம், பாதி வரைந்த ஒரு முக்கோணம், வெட்டிவிட்ட விடையில் ஒரு வரி, இரண்டு மார்க் தேறுமா என்று. தேறாத தாளிலும் தேற்றியிருக்கிறேன். "பொழச்சிப் போட்டும் சார்" என்பார் பக்கத்து நாற்காலிக்காரர். எந்த ஊர்ப் பிள்ளை, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது, அதன் வீட்டில் ஒரு நாள் அடி விழாமல் போகும், அவ்வளவுதான். திருத்தின இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் முறைப்படியும் ஆயிற்று. வீட்டுக்கு வந்து எமிலியிடம் பெருமையாகச் சொல்வேன், இன்றைக்கு மூன்று பேரைக் கரையேற்றினேன் என்று, பெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கைதான் லேப்டாப்பிலும் போய் அடித்தது. அமெரிக்காக்காரன் விண்ணப்பத்தை நான் முகாம் தாளைப் போலப் பாவித்துவிட்டேன், அங்கே பக்கத்தில் கையெழுத்துப் போட இடம்கூடக் கிடையாது. கையெழுத்து அவள்தான் போட்டாள், தெரியாமல்.

தேறுமா என்று தேடினால் ஒரு காரணமும் எனக்கு வாகாகக் கிடைத்தது, அதுதான் ஸ்டெப்னி. மதுரையில் பரீட்சை, ஏழே முக்காலுக்கு உள்ளே இருக்கவேண்டும், பஸ்ஸில் போவோம் என்றாள் எமிலி, நான்தான் பெரிய இவன் மாதிரி, நம்ம வண்டி இருக்கும்போது பஸ் எதுக்கு என்றேன். விடிவதற்கு முன்னால் புறப்பட்டோம். சாத்தூர் தாண்டி டயர் போயிற்று. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னியிலும் காற்றில்லை, முந்தின தீபாவளிக்குப் பஞ்சரானது, ஒட்டணும் ஒட்டணும் என்று ஒட்டாமலே வைத்திருந்தேன். ஒரு காய்கறி வேனை நிறுத்தி நாங்கள் இரண்டு பேரும் ஏறிக்கொண்டோம். பிள்ளை வெண்டைக்காய்ச் சிப்பத்துக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பரீட்சை எழுதுகிற லேப்டாப்பை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு போனாள், நான் பின்னால் தக்காளி மேல். கேட்டைச் சாத்தப் போகும்போது ஓடினாள். தண்ணீர் குடிக்கவில்லை, பாத்ரூம் போகவில்லை, உட்கார்ந்ததும் முதலில் ஆங்கிலம்தான். நடுவில் பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்தார்களாம், அப்புறம் கணக்கு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆக அந்த எண்பது மார்க்கைத் தின்றது நான்தான் என்று தீர்மானித்துவிட்டேன். நான் தின்றதை நான் திருப்பிப் போட்டேன், அவளுடையதை அவளுக்கே கொடுத்தேன், இதிலே என்ன தப்பு. ஜனவரி பூராவும் இதைச் சொல்லித்தான் தூங்கினேன். அவள் ஒருநாளும் ஸ்டெப்னியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "தக்காளி மேல உக்காந்து வந்தியளே, வேட்டிய அம்மா எப்படித் தொவச்சா?" என்று கேட்டுச் சிரித்ததோடு சரி.

கே.டி.சி. நகர் தாண்டியாயிற்று, தூத்துக்குடி ரோடு, அகலமாக, ஆளில்லாமல். "டாப் போடுதேம்ப்பா." போடு தாயி. காற்று உள்ளே வருகிறது, மே மாதக் காற்றுக்கு இந்த நேரத்தில் மட்டும் கொஞ்சம் ஈவிரக்கம் உண்டு. இடது பக்கம் குளம் வறண்டு கிடக்கிறது, ஜனவரியில் இது நிறையத் தண்ணீர், நாங்கள் இரண்டு பேரும் இந்தக் கரையில்தான் பறவை எண்ணினோம், வருஷா வருஷம் பொங்கலை ஒட்டிக் குளம் குளமாய் எண்ணுகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி, நான் குடை பிடிக்கிற ஆள். நத்தைக்குத்தி நாரை எத்தனை என்று பைனாகுலரில் பார்த்துக்கொண்டே கைவிரலை மடக்கினாள், நூற்றியெழுபது என்றாள். எனக்குக் கண்ணால் பார்த்தாலே இருநூறு இருக்கும். "ரவுண்டா எறநூறுன்னு போட்டுருட்டி" என்றேன். "சந்தேகமா இருந்தா கொறச்சித்தான் எழுதணும்பா. இல்லாத நாரைய எழுதினா, அடுத்த வருசம் அது செத்துப்போச்சின்னு ஆயிரும்லா" என்றாள். நான் சிரித்தேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை அப்போது, சிரித்துக்கொண்டே குடையை அவள் பக்கம் சாய்த்தேன். அந்தக் கல்லூரிக்கு எழுதின கட்டுரையும் இந்த நாரைகளைப் பற்றித்தான். அதை நல்லாயிருக்கு என்று அவர்கள் கடிதத்தில் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்கள், அந்த வரியைப் பெனிட்டா எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. வேறு வழி இருக்கிறதா என்று நேற்றிலிருந்து புரட்டுகிறேன். டைப் அடித்ததில் பிசகு என்று எழுதலாம், அறுநூற்று எண்பதிலிருந்து எழுநூற்று அறுபதுக்கு எந்த விரல் வழுக்கும், அதுவும் மொத்தத்தைச் சரியாகக் கூட்டிவிட்டு. அவளுக்குத் தெரியாமல் நானே கல்லூரிக்கு ஒரு கடிதம் போட்டுவிடலாம், முடிந்தால் அவளுக்குத் தெரியாமலே முடிந்துவிடும், ஆனால் அதுவும் அவள் குளிக்கப்போன நேரத்தில் செய்கிற வேலைதான், ஒரு தடவை செய்தது போதும். பேசாமல் இருந்துவிடலாம், சிலருக்கு ஒப்பிட்டே பார்ப்பதில்லையாம், அப்படியானால் நாலு வருஷமும் ஒவ்வொரு போனும் அதுவாக இருக்குமோ என்று நான் எடுத்து எடுத்துப் பார்க்கவேண்டும், அவள் எனக்குச் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு அது முடியாது. இவளைப்போல எனக்கு உலகத்தில் எதுவும் கிடையாது, அதனால்தான் செய்தேன், அதனாலேயே இப்போது சொல்லவும் வேண்டியிருக்கிறது.

"அங்க ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குமாம்பா, கியரு வலது கையில. எல்லாமே மாத்திப் படிக்கணும்" என்றாள். "ஓரமா நிப்பாட்டு" என்றேன். "ஏன்ப்பா, நல்லாத்தான போனேன்?" "நல்லாத்தான் போன. நிப்பாட்டு தாயி." இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, எல்லாம் முறைப்படி செய்து ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினாள், கைப்பிரேக்கும் போட்டாள். இத்தனை சரியாகச் செய்ய யார் கற்றுக்கொடுத்தது, நான்தான். "அந்த காலேஜ் ஃபாரத்துல உன் மார்க்க நான் மாத்திட்டேன்" என்றேன். சொல்லிமுடித்தாயிற்று, இரண்டு நொடி ஆகவில்லை, இதற்கா நேற்றிலிருந்து. அவளுக்குப் புரியவில்லை. "எந்த ஃபாரம்?" "டிசம்பர்ல போட்டோம்லா, அது. இங்கிலீஷுல அறுநூத்தி எம்பதுன்னு போட்டிருந்த. எழுநூத்தி அறுவதுன்னு மாத்திட்டேன்." சிரித்தாள். கேலி என்று நினைத்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு அப்படியே நின்றது, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று, அது போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெயிலைக் காட்டினேன். படித்தாள், கடைசிவரைக்கும் போய்த் திரும்ப மேலே வந்து படித்தாள். "எப்போ செஞ்சிய?" "நீ குளிக்கப் போனப்போ." கை இரண்டும் ஸ்டியரிங்கிலேயே இருந்தது. "நான் டிக் அடிச்சேனேப்பா" என்றாள். "எல்லாம் உண்மைன்னு அடிச்சேனே." ஸ்டெப்னி, அந்த எண்பது, எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். "அந்த டயருக்காகத்தான்…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன், என் காதுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

ஒரு லாரி போயிற்று, வண்டி லேசாக ஆடியது. பெனிட்டா போனை எடுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன், தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். எனக்குப் பயம் இன்னும் கூடியது. "யாருக்குட்டி?" "காலேஜுக்கு." "வீட்டுக்குப் போயி யோசிச்சி…" "என்னத்த யோசிக்க?" எழுதிவிட்டு வாசித்துக் காட்டினாள். என் மார்க் ஆயிரத்து நானூற்று முப்பது, விண்ணப்பத்தில் இருக்கிற ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து சரியில்லை, உண்மையான மார்க்கை நேரடியாக அனுப்பச் சொல்லப்போகிறேன், நீங்கள் எடுக்கிற முடிவை ஏற்றுக்கொள்கிறேன். அவ்வளவுதான். "அப்பா செஞ்சதுன்னு எழுது" என்றேன். "ஃபாரம் என் பேருல இருக்குப்பா." "உன் பேருல இருந்தா? செஞ்சது நான்தானட்டி." "நீங்க ஸ்கூல்ல வேல பாக்கிய." "அது கெடக்கட்டும், கொண்டா" என்று போனை வாங்கினேன். அடியில் எழுதினேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். இதைச் செய்தவன் நான், அவள் அப்பா, கணக்கு வாத்தியார், என் மகளுக்கு இன்று காலை ஏழு மணி வரைக்கும் இது தெரியாது. வாங்கிப் படித்தாள். ஒரு இடத்தில் எழுத்துப் பிழை, திருத்தினாள். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பினாள். போன் சின்னதாக ஒரு சத்தம் போட்டது, மார்ச்சிலிருந்து எங்கள் வீட்டில் இருந்த அத்தனை சந்தோஷமும் அந்தச் சத்தத்தோடு போயிற்று என்று தோன்றியது. தோன்றினாலும் நெஞ்சில் இருந்த பாரம் ஒன்றும் கூடவே போயிருந்தது, அதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

"சீட்டு போயிருமோட்டி?" என்றேன். "போனாலும் போகும்" என்றாள், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "இங்கயே படிச்சிக்கிடுதேன். அதுக்கில்லப்பா." "பின்ன?" போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஆயிரத்து நானூத்தி முப்பதுக்கு என்னைய எடுக்கமாட்டாங்கன்னு நீங்க நெனச்சிட்டிய பாத்தியளா. அதான். அவங்க எடுத்திருந்தாலும் எடுத்திருப்பாங்க. அந்தக் கட்டுரைக்கே எடுத்திருப்பாங்க. இனிமே எனக்கு அது எப்பமும் தெரியாது." அப்போதுதான் அழுதாள், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு. அவள் சொன்னது முழுக்கச் சரி. தவறிவிடும் என்று தெரிந்த தாளுக்குத்தான் நாங்கள் இரண்டு மார்க் போடுவோம், தொண்ணூறு எடுத்தவன் தாளில் யாரும் தேடிப் போடுவதில்லை. என் பிள்ளையை நான் எந்தத் தாள்களோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தேன் என்று அவளே எனக்குச் சொல்லும்படி ஆகிவிட்டது. உயிரைக் கொடுத்து அன்பு வைத்திருந்தேன், நம்பிக்கை வைக்கத்தான் மறந்துபோனேன். "என்னைய மன்னிச்சிரு தாயி" என்றேன். என் அப்பா என்னிடம் சொன்னதில்லை, நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்ன பிறகு வாய் லேசாகக் கோணிக்கொண்டது. அவள் தலையைத் தூக்கவில்லை, இடது கையை மட்டும் நீட்டி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், மூக்கை உறிஞ்சினாள். ரோட்டில் வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள், பெல்ட்டைச் சரிசெய்தாள், கைப்பிரேக்கை இறக்கினாள். "அம்மாட்ட யாரு சொல்ல?" என்றாள். "நான்தான் சொல்லணும்" என்றேன். எமிலிக்கு டியூட்டி எட்டரைக்கு, இப்போது இட்லி ஊற்றிக்கொண்டிருப்பாள். "சரி, நீங்க சொல்லுங்க" என்றாள் பெனிட்டா, "நான் பக்கத்துல நின்னுக்கிடுதேன்."